முதலுக்கே மோசம் வந்த கதைகள்

மலர்க் குழுவில் இருக்கும் என் வகுப்புத் தோழன் போன் செய்தான். "ஹாஸ்டல் நினைவுகள், மெஸ் சாம்பார், கல்ச்சுரல்ஸ் எல்லாம் போதுமான அளவு வந்தாச்சு. நீ வேற ஏதாவது எழுது. படிக்கிற பசங்களுக்கும் பிரயோஜனமா இருக்கணும்" என்றான். நான் பம்ப் டிசைன் செய்கிற மெக்கானிக்கல் ஆசாமி. பம்பைப் பற்றி எழுதினால் யாரும் படிக்க மாட்டீர்கள் என்பது தெரியும். ஆகவே எனக்குப் பிடித்த இன்னொரு விஷயத்தைப் பற்றி எழுதுகிறேன்: மாதச் சம்பளக்காரன் தன் சேமிப்பை யாரிடம் நம்பிக் கொடுத்தான், அது என்ன ஆயிற்று என்கிற சரித்திரம்.

இதை எழுதத் தூண்டியது நம் கல்லூரி ஹாஸ்டல்தான். சென்ற வருடம் கேம்பஸ் இன்டர்வியூவுக்காக எங்கள் கம்பெனி சார்பில் வந்திருந்தேன். மாலையில் பழைய அறையைப் பார்க்கப் போனபோது, அங்கே இப்போது இருக்கும் மூன்றாம் வருட மாணவன் பிரியமாக உட்கார வைத்துப் பேசினான். பேச்சுவாக்கில் கைப்பேசியை நீட்டி, "அண்ணா, நேத்து மட்டும் ஏழாயிரம். ஆப்ஷன்ஸ்ல" என்றான். பணம் ஏது என்றேன். "செமஸ்டர் ஃபீஸ்ணா. கட்ட இன்னும் மூணு வாரம் டைம் இருக்கு" என்றான். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "பார்த்துப் பண்ணுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. பெயரை நம்பிய காலம்

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை. சென்னையில் அர்புத்நாட் கம்பெனி கதவை மூடியது. பாரி, பின்னி, அர்புத்நாட் என்று மூன்று பெயர்களை ஒரே மூச்சில் சொன்ன காலம் அது. வியாபாரம் செய்வதோடு பொதுமக்களிடம் டெபாசிட்டும் வாங்கி வந்த கம்பெனி. ஓய்வு பெற்ற அதிகாரிகள், வக்கீல்கள், விதவைகள், கோயில் தர்ம ஸ்தாபனங்கள் என்று ஆயிரக்கணக்கானோர் அதில் பணம் போட்டிருந்தார்கள். வெள்ளைக்காரன் கம்பெனி, நூறு வருடப் பெயர். அதற்கு மேல் என்ன ஜாமீன் வேண்டும்?

ஆனால் அந்தப் பணம் எங்கே போய்க்கொண்டிருந்தது என்பது போட்டவர்களில் யாருக்கும் தெரியாது. அர்புத்நாட்டின் லண்டன் கூட்டாளி நிறுவனம் மக்ஃபேடியன் கம்பெனி. அங்கே யூக வியாபாரத்தில் பணம் கரைந்துகொண்டிருந்தது. மக்ஃபேடியன் லண்டனில் உயிரை மாய்த்துக்கொண்டார். கடலுக்கு இந்தப் பக்கம் சென்னையில் இவர்கள் கதவை மூடினார்கள். சர் ஜார்ஜ் அர்புத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. டெபாசிட்தாரர்களுக்குப் போன பணம் போனதுதான்.

இதில் ஒரு நன்மையும் விளைந்தது. நம் பணத்துக்கு நம் ஊர் வங்கி வேண்டும் என்று வக்கீல் வி. கிருஷ்ணசாமி அய்யர் முன்னின்று முயல, 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி திறக்கப்பட்டது. இன்று அதன் பாஸ்புக்கை வைத்திருக்கிற பலருக்கு, அது ஒரு கம்பெனி திவாலானதால் பிறந்த வங்கி என்பது தெரியாது.

2. முத்திரையை நம்பிய காலம்

தனியார் பெயரை நம்பி ஏமாந்த தேசம், சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்க முத்திரையை நம்ப ஆரம்பித்தது. 1952-ல் தொழிலாளர் வருங்கால வைப்புநிதிச் சட்டம். 1956 செப்டம்பர் 1 முதல் எல்.ஐ.சி.; அதற்காக 245 இன்ஷூரன்ஸ் நிறுவனங்களையும் பிராவிடண்ட் சங்கங்களையும் அரசு எடுத்துக்கொண்டது. பாலிசிதாரர்களின் பணத்தை முதலாளிகள் தங்கள் சொந்தக் காரியங்களுக்குத் திருப்பிவிட்டதும் அதற்கு ஒரு காரணம்.

சரி, முத்திரை வந்தால் மோசம் வராதா? மறு வருடமே வந்தது. 1957-ல் ஹரிதாஸ் முந்த்ரா என்பவரின் ஆறு கம்பெனிகளில் எல்.ஐ.சி. ஒரு கோடி ரூபாய்க்கு மேல் போட்டது. நாடாளுமன்றத்தில் ஃபெரோஸ் காந்தி அதைக் கிளப்பினார். நீதிபதி சாக்ளா பகிரங்க விசாரணை நடத்தினார். நிதியமைச்சராக இருந்த நம் ஊர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் ராஜினாமா செய்தார். அவரே 1963-ல் மறுபடி நிதியமைச்சராகி, சாதாரண மனிதனும் பங்குச் சந்தையின் லாபத்தில் பங்கு பெற வேண்டும் என்று யூனிட் டிரஸ்டைக் கொண்டுவந்தார். அதன் முதல் திட்டமான யு.எஸ்.64, 1964 ஜூலை 1 அன்று 10 ரூபாய் முகமதிப்பில் விற்பனைக்கு வந்தது. இதன் கதையைப் பிறகு சொல்கிறேன்.

1968-ல் பி.பி.எஃப். வந்தது. ஆரம்ப வட்டி 4.8 சதவிகிதம். 1986 முதல் 2000 ஜனவரி வரை 12 சதவிகிதம். 1988-ல் வந்த கிசான் விகாஸ் பத்திரம் ஐந்தரை வருடத்தில் இரட்டிப்பு. நம் அப்பாக்கள் இன்றும் "அப்பல்லாம் பன்னிரண்டு பர்சென்ட்டுடா" என்று பெருமூச்சு விடுவது இந்தக் காலத்தை நினைத்துத்தான்.

அந்தப் பெருமூச்சில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. 1991-ல் மட்டும் விலைவாசி 13 சதவிகிதத்துக்கு மேல் ஏறியது. அதாவது அந்த வருடம் 12 சதவிகிதம் வாங்கியவரின் பணம் பாஸ்புக்கில் வளர்ந்தது, கடைத்தெருவில் தேய்ந்தது. இன்னொரு பக்கம், 12 சதவிகிதத்தில் 15 வருடம் இருந்தால் ஒரு லட்சம் சுமார் 5 லட்சத்து 47 ஆயிரம் ஆகும். 2020 ஏப்ரலில் வட்டி 7.1 ஆகக் குறைந்தது. அந்தக் கணக்கில் அதே 15 வருடத்துக்கு 2 லட்சத்து 80 ஆயிரம்தான். கிசான் விகாஸ் பத்திரம் இரட்டிக்க 2023-ல் நிர்ணயித்த காலம் 115 மாதம். ஒன்பதரை வருடத்துக்கும் மேல். ஆகவே அப்பா சேமித்த முறையிலேயே நாமும் சேமித்தால் அப்பாவுக்குக் கிடைத்தது நமக்குக் கிடைக்காது. கூடவே, 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்கு, ராணுவத்தினர் நீங்கலாக, பழைய ஓய்வூதியமும் இல்லை என்று ஆயிற்று. முதுமைக்கான பொறுப்பு மெதுவாக நிறுவனத்தின் தோளிலிருந்து நம் தோளுக்கு இறங்கிவிட்டது. யாரும் தண்டோரா போட்டுச் சொல்லவில்லை.

3. வட்டியை நம்பிய காலம்

இது என் வீட்டுக் கதை. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு ஃபைனான்ஸ் கம்பெனிகள். 24 சதவிகிதம், 36 சதவிகிதம் என்று விளம்பரங்கள். போட்டவுடன் வெள்ளிக் குத்துவிளக்கு, எவர்சில்வர் குடம் என்று பரிசுகள் வேறு. என் அப்பா ஒரு மில்லில் சூப்பர்வைசர். நாலு காசு செலவழிக்க நாற்பது முறை யோசிப்பவர். அக்கா கல்யாணத்துக்கென்று சேர்த்த 40,000 ரூபாயை அப்படி ஒரு கம்பெனியில் போட்டார். இரண்டு வருடம் வட்டி மாதாமாதம் ஒழுங்காக வந்தது. ஒருநாள் வரவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா என்னை சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போனார். பூட்டிய ஷட்டருக்கு முன்னால் பெரிய கூட்டம். ஒரு பெரியவர் ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அப்பா அழவில்லை. திரும்பி வரும்போது ஒரு வார்த்தையும் பேசவில்லை. சைக்கிளை மிதிக்காமல் உருட்டிக்கொண்டே வந்தார். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

1997-ல் தமிழ்நாடு அரசு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. நிதி நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அதே வருடம் ரிசர்வ் வங்கிச் சட்டமும் திருத்தப்பட்டது. எங்களுக்குப் பல வருடம் கழித்துப் பாதிக்கும் குறைவாகத் திரும்ப வந்தது. அக்கா கல்யாணம் நடந்தது, கடன் வாங்கி.

நான் பெரியவனானதும் அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். "அவங்க உங்களுக்கு 24 பர்சென்ட் தரணும்னா வெளியே முப்பதுக்கு மேல கடன் கொடுக்கணும். முப்பது பர்சென்ட் வட்டி கட்டி வாங்கி எவன்ப்பா நேர்மையா திருப்பிக் கட்டுவான்?" அப்பா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "நீ இஞ்சினியரு, கணக்குப் போட்ட. பக்கத்து வீட்டுக்காரருக்கு மாசா மாசம் வந்துச்சு. நான் அதைத்தான் பார்த்தேன்" என்றார். அதற்குப் பிறகு நான் அவரிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. கேட்டிருக்கவே கூடாது என்று இப்போதும் நினைக்கிறேன்.

4. முத்திரையும் கைவிட்ட நாள்

இப்போது யு.எஸ்.64 கதைக்கு வருவோம். ஃபைனான்ஸ் கம்பெனிகளை நம்பாத ஜாக்கிரதைக்காரர்கள் வைத்திருந்தது இதைத்தான். தொண்ணூறுகளின் நடுவில் முகமதிப்பில் 26 சதவிகிதம் டிவிடெண்ட் கொடுத்தார்கள். ஓய்வு பெற்றவர்கள் அதை வங்கி டெபாசிட் போலவே நினைத்தார்கள்.

அதன் உள்ளே ஒரு டிசைன் கோளாறு இருந்தது. யூனிட்டுகளின் உண்மை மதிப்பு என்பது அந்த டிரஸ்ட் வாங்கி வைத்திருக்கிற பங்குகள், கடன் பத்திரங்களின் சந்தை மதிப்பு. ஆனால் யூனிட்டை விற்கும் விலையையும் திரும்ப வாங்கும் விலையையும் டிரஸ்டே நிர்ணயித்து அறிவித்தது. சந்தை இறங்கினாலும் அறிவிக்கப்பட்ட விலை இறங்கவில்லை. பிரஷர் கேஜின் முள்ளை ஒரே இடத்தில் கட்டி வைத்துவிட்டு பாய்லரை ஓட்டுவது மாதிரி. 1998-லேயே கையிருப்பில் பெரும் பள்ளம் விழுந்தது வெளியே தெரிந்து, அரசு முட்டுக் கொடுத்தது. 2001 ஏப்ரல், மே மாதங்களில் விவரம் புரிந்த பெரிய கம்பெனிகள் பணத்தை எடுத்துக்கொண்டன. ஜூலை 2 அன்று, இனி ஆறு மாதத்துக்கு விற்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை என்று அறிவிப்பு வந்தது. அந்த வருடக் கடைசியில் யூனிட்டின் உண்மை மதிப்பு 6 ரூபாய்க்கும் கீழே.

ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். 1906-ல் கை கொடுக்க யாரும் இல்லை. இங்கே அரசு இறங்கி வந்தது. 2003-ல் 5,000 யூனிட் வரை யூனிட்டுக்கு 12 ரூபாயும் அதற்கு மேல் 10 ரூபாயும் தர ஒப்புக்கொண்டு, 6.75 சதவிகித வட்டியில் ஐந்து வருடக் கடன் பத்திரமாகவும் மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள். யூனிட் டிரஸ்ட் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. சிறு முதலீட்டாளர் பிழைத்தார். ஆனால் அந்த இரண்டு வருடமும் மருந்துச் செலவுக்கும் கல்லூரிக் கட்டணத்துக்கும் அதையே நம்பியிருந்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதற்கு எந்தப் பாஸ்புக்கிலும் பதிவு இல்லை.

5. என் சொந்த அசட்டுத்தனம்

இவ்வளவு கதை தெரிந்தவன் ஏமாறமாட்டான் என்று நினைப்பீர்கள். 2009 ஜூலையில் வேலைக்குச் சேர்ந்தேன், சம்பளம் 16,000. சம்பளக் கணக்கு வைத்திருந்த வங்கியில் ஒருவர் டீ வாங்கிக் கொடுத்து, "இன்ஷூரன்ஸும் ஆச்சு, ஷேர் மார்க்கெட்டும் ஆச்சு சார்" என்று ஒரு யூலிப் பாலிசியில் கையெழுத்து வாங்கினார். வருடம் 25,000. மூன்று வருடம் கட்டியது 75,000. முடித்தபோது வந்தது 51,000. முதல் வருடப் பணத்தில் பெரும் பகுதி கட்டணமாகவே போயிருந்தது. அது விண்ணப்பத்திலேயே பொடி எழுத்தில் இருந்தது. டிராயிங்கில் டாலரன்ஸ் பார்க்காமல் கையெழுத்துப் போடாதவன், இதில் போட்டுவிட்டேன்.

காலம்தான் வேடிக்கை. நான் கையெழுத்துப் போட்ட அடுத்த மாதம், 2009 ஆகஸ்ட் 1 அன்று, மியூச்சுவல் ஃபண்டுகளில் நுழைவுக் கட்டணத்தை செபி ரத்து செய்தது. 2010 செப்டம்பர் 1 முதல் யூலிப் கட்டணங்களுக்கும் உச்சவரம்பு வந்தது. 2013 ஜனவரியிலிருந்து தரகர் இல்லாமல் நேரடியாக ஃபண்டு வாங்கும் வழி பிறந்தது. இதில் ஒவ்வொன்றும் முந்தைய தலைமுறை கொடுத்த ஃபீஸால் வந்தது. 1962-ல் வைப்புத்தொகைக் காப்பீடு வந்ததற்கு முன்னால் 1960-ல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் வங்கி மூழ்க வேண்டியிருந்தது. அன்று 1,500 ரூபாய்க்கு இருந்த காப்பீடு 2020 பிப்ரவரியில் 5 லட்சமாக உயர்ந்தது. அதற்குச் சில மாதம் முன்புதான் மும்பையில் ஒரு பெரிய கூட்டுறவு வங்கி முடங்கியிருந்தது. விபத்துக்குப் பிறகுதான் வேகத்தடை போடுவது நம் வழக்கம்.

பங்குச் சந்தையையும் பூசி மெழுகாமல் சொல்கிறேன். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் 2009 மார்ச்சில் 8,160-க்கு வந்தது. 2013 நடுவிலும் இருபதாயிரத்தை ஒட்டியே நின்றது. ஐந்தரை வருடம், பலன் ஒன்றுமில்லை. 2020 ஜனவரியில் 42,000. மார்ச் 23 அன்று 25,981. நவம்பரில் மறுபடி 42,000. அந்த மார்ச்சில் எங்கள் கம்பெனியில் சம்பளத்தைக் குறைத்தார்கள். கைவசம் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருந்ததால் நான் ஃபண்டைத் தொடவில்லை. பக்கத்து டேபிள் நண்பருக்கு வீட்டுக்கடன் தவணை நெருக்கியது. அடிமட்ட விலையில் விற்றார். அவர் என்னைவிடப் புத்திசாலி. அவரிடம் கைப்பணம் இல்லை, அவ்வளவுதான்.

6. நம்மையே நம்புகிற காலம்

முன்னோர் பெயரை நம்பினார்கள், பிறகு முத்திரையை, பிறகு வட்டியை. இப்போது ஹாஸ்டல் தம்பி நம்புவது தன் புத்தியை. இது கொஞ்சம் பெருமையான நம்பிக்கைதான். ஆனால் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவிகிதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1 லட்சத்து 80 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். 2023-24-ல் இறங்கியவர்களில் 43 சதவிகிதம் பேர் முப்பது வயதுக்குக் கீழே. எதிர்ப்பக்கம் வந்த லாபத்தில் பெரும்பகுதி கம்ப்யூட்டர் நிரல் வைத்து வியாபாரம் செய்யும் பெரிய நிறுவனங்களுக்குப் போனது.

நம் அறையில் உட்கார்ந்திருந்த தம்பிக்கு முதல் நாள் ஏழாயிரம் வந்தது. என் அப்பாவுக்கும் இரண்டு வருடம் வட்டி வந்தது. வருகிறவரை எல்லாமே சரியாகத்தான் இருக்கும்.

இத்தனை கதைகளிலும் பணம் போட்டவர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றுதான்: "என் பணம் எங்கே போகிறது, அங்கே அது எப்படிச் சம்பாதிக்கிறது?" எவ்வளவு வரும் என்று எல்லோரும் கேட்டார்கள். எங்கிருந்து வரும் என்று கேட்கவில்லை. பதில் ஒரே வாக்கியத்தில் நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் புரியும்படி வரவில்லையென்றால், அந்த இடத்தில் பணம் போட வேண்டாம்.

மற்றதெல்லாம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வகுப்பில் படித்த ஃபேக்டர் ஆஃப் சேஃப்டிதான். எவ்வளவு பாரம் வரும் என்று சரியாகத் தெரியாதபோது அதிகமாகவே வைத்துக் கட்டு. ஆறு மாதச் செலவு கையில். குடும்பம் நம்மை நம்பியிருந்தால் டெர்ம் பாலிசி தனியாக. முதலீட்டையும் இன்ஷூரன்ஸையும் ஒரே பாத்திரத்தில் சமைக்காதீர்கள். ஒரே வங்கியில் காப்பீட்டு வரம்புக்கு மேல் வைக்காதீர்கள். பி.எஃப்., பி.பி.எஃப். அஸ்திவாரம். அதற்கு மேல், பத்து வருடத்துக்குத் தேவைப்படாத பணம் மட்டும், செலவு குறைந்த இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம். நாமினி பெயரை எழுதி, வீட்டில் ஒருவருக்கு விவரம் சொல்லி வையுங்கள். பணக்காரனாக்கும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன். முதலுக்கே மோசம் வராமல் இருக்க இது உதவும்.

அப்பா அந்த ஃபைனான்ஸ் கம்பெனி ரசீதை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார். ஏன் என்று நான் கேட்டதில்லை. மூன்றாம் வருடத் தம்பி இப்போது கடைசி வருடத்தில் இருப்பான். ஃபீஸ் கட்டினானா என்பது எனக்குத் தெரியாது. இதைப் படித்தால் வந்து பார்க்கட்டும். சந்திப்பு நாளன்று மாலை டீ நேரத்தில் பழைய ஒர்க்‌ஷாப் வாசலில் இருப்பேன். உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும் என்றால் யார் வேண்டுமானாலும் வரலாம். எந்தப் பங்கு ஏறும் என்று மட்டும் கேட்காதீர்கள். அது எனக்குத் தெரியாது.